மூன்று விநாடி சும்மா இரு

அவரிடம் மணி கேட்டால் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து தொடங்குவார். எந்தக் கடை, கூட வந்த மாமா யார், அன்றைக்கு மாமாவுக்கு ஏன் கால் வீங்கியிருந்தது, அதற்கு எந்த டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தார் எல்லாம் முடிந்து மணி என்னவென்று தெரிய வரும்போது அது வேறு மணியாகியிருக்கும். அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ‘ஆதியோடந்தம்’ என்று பெயர் வைத்தோம். வாய் வலிக்கிறதென்று பிறகு அதையும் ‘ஆதி’ என்று சுருக்கிக்கொண்டோம். அவர் பேச்சை அந்தம் வரைக்கும் கேட்டவர்கள் யாரும் இல்லாததால் அந்தப் பாதியை வெட்டியதில் ஒருவருக்கும் வருத்தமில்லை.

இது பிறவிக் குணம். அவருடைய அக்கா ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது என்னிடம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் இவர் ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு என்று ஆரம்பித்து ஐம்பத்தாறுக்கு வந்து நிற்பாராம். சரி, ஏழொன்பது என்று கேட்டால் இன்னும் ஒரு படி ஏறினால் போதும்தானே. ஏற மாட்டார். மறுபடியும் ஓரேழு ஏழு. “அவனை நடுவுல எங்கயும் ஏத்திவிட முடியாதும்மா, ஆரம்பத்துலதான் ஏறுவான்” என்றார் அக்கா. தம்பியைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாரா, நொந்து சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர் மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். நாங்களும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். முப்பது குழந்தைகளை மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்து முப்பத்தோராவதை மேய்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கடைக்குப் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆதி கடை வாசலில் நின்று சோப்பு என்பார். கடைக்காரர் கொடுத்ததும் சீட்டை மறுபடி மேலிருந்து படித்து, சோப்பு, பல்பு என்பார். கடைக்காரர் இன்னொரு சோப்பை எடுத்து வைப்பார். அந்த வீட்டில் சோப்புக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

நான் அந்த ஆய்வகத்தின் விசாரணைக் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். ஊரிலுள்ள நாற்பத்தொரு மருத்துவ மையங்களிலிருந்தும் ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் சின்னச் சின்னக் குப்பிகளில் எங்களிடம்தான் வரும். வாரத்துக்கு இருபத்தாறாயிரம் பேர். சனிக்கிழமைக்குள் பரிசோதனைகள் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை அந்த இருபத்தாறாயிரம் பேருக்கும் முடிவை அனுப்ப வேண்டும். அவரவர் கைபேசிக்கு ஒரு செய்தி, அவரவர் மையத்து டாக்டருக்கு ஒரு பிரதி. இந்த அனுப்பும் வேலை ஆதியுடையது.

அவருக்கு அது வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. இருபத்திரண்டு வருடம் கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது ஆறு வாரப் பயிற்சிக்கு யாரையாவது அனுப்பச் சொன்னார்கள். யார் இல்லாவிட்டால் வேலை நிற்காது என்று யோசித்ததில் ஏகமனதாக அவர் பெயர் வந்தது. ஆறு வாரம் கழித்து செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகமும், ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் மொழியும், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் புதுப் பழக்கமுமாகத் திரும்பி வந்தார். வந்த மாதமே ஒரு புரோகிராம் எழுதினார். அது ஓடியது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

அந்தப் புரோகிராம் அவர் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம், அப்படியே அப்பனை உரித்து வைத்திருந்தது. பட்டியலில் நூறாவது பெயரைக் கொடு என்று கேட்டால், அந்த மொழி முதல் பெயரில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நூறுக்குப் போகும். பெயரைக் கொடுத்துவிட்டு விரலை எடுத்துவிடும். அடுத்து நூற்றொன்றாவது பெயரைக் கேட்டால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று எடுக்காது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். மாடிப்படி பெருக்குகிறவள் ஒவ்வொரு படியைப் பெருக்கியதும் தெருவுக்கு இறங்கிப் போய், திரும்ப எண்ணிக்கொண்டே ஏறி அடுத்த படிக்கு வருகிற மாதிரி. பத்துப் படி என்றால் பரவாயில்லை. இது இருபத்தாறாயிரம் படி.

அதனால் என்ன நடந்தது என்றால், திங்கட்கிழமை மாலை மிஷினை அணைத்து அலுவலகம் மூடும்போது பதினேழாயிரம் பெயர் போயிருக்கும். செவ்வாய் முழுக்க ஓடியும் ஏழாயிரம்தான் போகும். மிச்சமிருக்கும் இரண்டாயிரத்துக்கு புதன்கிழமை மதியம் ஆகிவிடும். போகப் போக ஏன் இப்படி நொண்டுகிறது என்று அப்போதைய அதிகாரி கேட்டார். ஆதி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “மிஷின் களைச்சுப் போகுது சார். சூடு” என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவருக்கு விடிந்தது. மிஷினுக்கு ஏசி வைத்த தனி அறை கொடுத்தார்கள். மிஷினைத் தனியாக விட முடியுமா? பக்கத்தில் ஆதிக்கு ஒரு மேசை, சுழலும் நாற்காலி, கதவுக்குச் சாவி. கதவில் ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்று பலகை. இருபத்திரண்டு வருடம் கழிப்பறைக் கதவு முதுகில் இடிக்க உட்கார்ந்திருந்த மனிதர். சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும்போது அது கிணுகிணுவென்று சத்தம் போடும். சம்பந்தி வீட்டார் வந்தபோது அந்த அறையைத்தான் கூட்டிவந்து காட்டினார். மூன்று நாள் ஓடும் புரோகிராம் என்று சொன்னதும் சம்பந்தி மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த அறைதான் அவர் உயிர் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஒரு விதிமுறையும் அவரே எழுதிக் கையெழுத்து வாங்கிவைத்தார். மிஷின் அனுப்பிய முடிவை மட்டுமே எந்த மையமும் ஏற்க வேண்டும், வாய்மொழியாகவோ கைப்பட எழுதியோ கொடுத்தால் செல்லாது. தவறு நேராமல் இருக்க என்று காரணம் சொன்னார். அவரைத் தாண்டி ஒரு எறும்பும் போகக்கூடாது என்பதுதான் விஷயம்.

பட்டியல் மைய எண்ணின் வரிசையில் இருக்கும். ஒன்றாம் எண் மையம் ஊர் நடுவில். நாற்பதும் நாற்பத்தொன்றும் பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்தில். ஆக, புதன்கிழமை வரைக்கும் காத்திருப்பவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள். அவர்கள் திங்கட்கிழமையே இரண்டு பேருந்து மாறி என் கவுண்டருக்கு வந்து நிற்பார்கள். “மிஷின் இன்னும் உங்க நம்பருக்கு வரலைங்க, புதன்கிழமை வந்துடும்” என்பேன். கிளிப்பிள்ளை மாதிரி ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்வேன். எனக்கென்ன, சம்பளம் கவுண்டரில் உட்கார.

இப்படி ஆறு வருடம் ஓடியது. அந்தச் செங்கல் புத்தகத்தை ஆதி எப்போதும் மேசைமேல் வைத்திருப்பார். தினமும் படிப்பார், தினமும் முதல் பக்கத்திலிருந்து. ஆறு வருடத்தில் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அதுவரைக்கும் பக்கங்கள் அப்பளமாகியிருந்தன, அதற்கப்புறம் கடையில் வாங்கிய மேனிக்கு இருந்தன. வெயில் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு நான் அந்த ஏசி அறைக்குப் போவதுண்டு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே புத்தகத்தை நடுவில் பிரித்தேன். நான் அவரைப்போல ஒழுக்கசாலி இல்லை, எதையும் நடுவில்தான் பிரிப்பேன்.

அங்கே ஒரு பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தது. பட்டியலை வரிசையாகப் படிக்க வேண்டுமானால் எண் சொல்லிக் கேட்காதே, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணும், நின்ற இடத்தை ஒரு பெயரில் பிடித்துவைத்துக்கொண்டு அதற்கு அடுத்ததைக் கேள் என்று. எனக்குப் புரோகிராம் தெரியாது. ஆனால் கவுண்டரில் வரிசை நிற்பது எப்படியென்று தெரியும். ஒருவர் நகர்ந்தால் அவருக்குப் பின்னால் நிற்பவரைக் கூப்பிடுவேனே தவிர, வாசல் வரைக்கும் போய்த் தலைகளை எண்ணிக்கொண்டா வருவேன்? அதை அவருக்குக் காட்டினேன்.

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு வரியை மாற்றினார். அந்த வாரத்துப் பழைய பட்டியலை, யாருக்கும் செய்தி போகாமல், ஓட்டிப் பார்த்தார். இருபத்தாறாயிரம் பெயரும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டன. நான் அப்போது ஊறுகாயைக்கூட முடித்திருக்கவில்லை.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளுத்துப்போயிற்று. எழுந்து கதவைத் தாழிட்டார்.

“அம்மா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“ஏண்ணா, நல்ல விஷயம்தானே?”

“நாலு நிமிஷ வேலைக்கு ஒரு ரூமா குடுப்பாங்க? நாளைக்கே மிஷினைத் தூக்கி எங்கயாவது மூலைல வெச்சுடுவாங்க. நான் திரும்ப அந்தக் கதவுகிட்ட போய் உக்காரணும். எனக்கு இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்கும்மா.” கண்ணில் தண்ணீர் நின்றது. நாடகமில்லை, நிஜத் தண்ணீர்.

எனக்குப் பாவமாக இருந்தது. ஏசியும் இதமாக இருந்தது. இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று கேட்டால் இன்றைக்கும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வராது.

அவர் இன்னொரு வரியைச் சேர்த்தார். ஒவ்வொரு பெயரை அனுப்பியதும் மூன்று விநாடி சும்மா இரு. அவ்வளவுதான் வரி. மனிதர்கள் வேலை நேரத்தில் இரகசியமாகச் செய்வதை மிஷினுக்கு எழுத்திலேயே உத்தரவாகக் கொடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். கணக்குப் போட்டுப் போட்டிருந்தார், புதன்கிழமை மதியம் பிசகாமல் முடிந்தது.

ஒரே ஒரு வித்தியாசம். முன்பு முதல் நாளே பதினேழாயிரம் பேருக்குப் போய்விடும், நொண்டல் எல்லாம் கடைசியில்தான். இப்போது ஒரே சீராகப் போனதால் திங்கட்கிழமை பதினோராயிரம் பேர்தான் தேறினார்கள். நடுவிலிருந்த ஆறாயிரம் பேர் செவ்வாய்க்குத் தள்ளப்பட்டார்கள். நான் இதைச் சொன்னபோது, “இப்பத்தான் எல்லாருக்கும் சமமா போகுது, அதுதானே நியாயம்” என்றார். அந்த வருடக் கடைசியில் புதிதாக வந்த அதிகாரி, ஒரு மேடம், மிஷின் இப்போதெல்லாம் களைப்பதில்லை என்று அறிக்கையில் பார்த்து மகிழ்ந்துபோய் ஆதிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். ‘இயந்திரத்தின் சோர்வை நீக்கியமைக்காக’ என்று அதில் எழுதியிருந்தது. நானும் கை தட்டினேன்.

அடுத்த வருடம் மூன்று விநாடியை இரண்டே முக்கால் ஆக்கினார். புதன்கிழமை மதியம் முடிவது காலை பத்தரைக்கு முடிந்தது. வேகத்தை உயர்த்தியதற்காக இன்னொரு பத்திரம். கைவசம் இன்னும் இரண்டே முக்கால் விநாடி இருக்கிறது, வருடத்துக்குக் கால் கால் விநாடியாகக் கிள்ளினால் ஓய்வு பெறும்வரை பத்திரத்துக்குக் குறைவில்லை என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். கவுண்டருக்குத் திரும்பி வந்து, நாற்பதாம் மையத்து அம்மா ஒருவரிடம், “மிஷின் இன்னும் வரலைங்க” என்றேன்.

மூன்றாவது வருடம் அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனார்கள், பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்துக்கு. நாற்பத்தொன்றாம் மையத்து எல்லை. போன ஜூலையில் டீச்சருக்கு இரண்டு வாரமாக விடாத காய்ச்சல். உடம்பெல்லாம் அசதி, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். வெள்ளிக்கிழமை மையத்தில் ரத்தம் எடுத்தார்கள். திங்கட்கிழமை காலை ஆதி வழக்கம்போல வந்தார், புரோகிராமைத் தட்டிவிட்டார். அது முதல் மையத்து முதல் ஆளை அனுப்பிவிட்டு இரண்டே முக்கால் விநாடி சும்மா இருந்தது.

இவர் பட்டியலைத் திறந்து நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாக இருக்க வேண்டும். டீச்சரின் பெயருக்கு நேரே மூன்று எண்கள் சிவப்பில் இருந்தன. பக்கத்தில் ‘உடனே சேர்க்கவும்’ என்று எங்கள் பரிசோதகர் சனிக்கிழமையே குறித்திருந்தார்.

மையத்து டாக்டருக்குப் போன் போட்டார். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

“டாக்டர், நான் ஆய்வகத்துலேருந்துதான் பேசுறேன். என் சம்சாரம்தான். முடிவு என் கண்ணு முன்னாடி இருக்கு. சேர்த்துக்கங்க.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. மிஷின் அனுப்பாத முடிவை வைத்து வார்டில் இடம் கேட்க முடியாது, அப்படி ஒரு விதிமுறை இருக்கிறதே சார், நீங்கள் எழுதியதுதானே என்றிருப்பார். தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்பார்கள். இவர் விழுந்ததோடு மூடியையும் உள்ளிருந்தே இழுத்துக்கொண்டவர்.

வெளியே வந்து என் கவுண்டருக்கு எதிரே நின்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, ஏசி அறையிலிருந்து வந்தவருக்கு.

“அம்மா, அந்த வரியை எடுத்துடட்டுமா?”

என்னிடம் அனுமதி கேட்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. “இதைக் கேக்க இங்க வரைக்கும் வந்தீங்களாண்ணா? போய் எடுங்க” என்றேன்.

எடுத்தார். மிஷின் சும்மா இருப்பதை நிறுத்தியது. என் கவுண்டருக்கு முன்னால் காத்திருந்தவர்களில் ஒருவருடைய கைபேசி முனகியது, பிறகு இன்னொருவருடையது, பிறகு கூடம் முழுக்க. முப்பதாம் மையம், முப்பத்தைந்து, நாற்பது. புதன்கிழமை வரச் சொல்லி நான் அப்போதுதான் திருப்பி அனுப்பிய ஒரு பெண் வாசல்படியில் நின்று கைபேசியைப் பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பதினோரு மணிக்கு டீச்சரைப் படுக்கையில் சேர்த்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கஷ்டம்தான் என்று வார்டு டாக்டர் சொன்னார். டீச்சர் மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்து, தலையணையில் சாய்ந்துகொண்டே, வீட்டில் எதற்கு இத்தனை சோப்பு என்று திட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆதியின் வேலை போகும் என்று நினைத்தேன். என் வேலையும் கூடவே போகும் என்று நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று மேடம் கேட்கவே இல்லை. நடந்துவிட்டது என்பதே மேலிடத்துக்கு எழுதப் போதுமானதாக இருந்தது. விழா வைத்தார்கள், மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். வாசலில் பெரிய பலகை வந்தது. ‘மூன்று நாள் பணி இனி நான்கே நிமிடத்தில். முடிவுகள் அனைத்தும் திங்கட்கிழமை காலையிலேயே.’ கீழே மாலையோடு ஆதியின் படம். பேசச் சொன்னபோது அவர் மைக்கின் முன் நின்று நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கினார். அடக்கமானவர் என்று மேடம் புகழ்ந்தார்.

அறை அடுத்த வாரமே போயிற்று. நான்கு நிமிட வேலைக்கு ஏசி எதற்கு? அங்கே இப்போது மேடத்தைப் பார்க்க வருகிறவர்கள் உட்காருகிறார்கள். மிஷினை என் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள், ஆதியையும். மனிதர் முணுமுணுக்கக்கூட இல்லை. டீச்சர் பிழைத்தாரே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று ஒருநாள் தானாகவே சொன்னார். அதை முழு மனதாகத்தான் சொன்னார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அறுபது வயதிருக்கும், தச்சு வேலைக்காரர் ஒருவர் வந்தார். சட்டைப்பையில் அடிக்கோலும் காதில் பென்சிலுமாக வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வலிக்கு ரத்தம் கொடுத்திருந்தாராம். முடிவு காலையிலேயே வந்துவிட்டது, எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கேட்டார். எந்த மையம் என்றேன். நாற்பது என்றார். அந்த மையத்து மூட்டு டாக்டர் திங்கட்கிழமைகளில் எங்கள் கட்டடத்தில்தான் உட்காருவார், அறை எண்ணைச் சொன்னேன். போகாமல் வாசல் பலகையைக் கையால் காட்டினார்.

“ஏம்மா, இந்த நாலு நிமிஷத்துல அனுப்புறது, இதை எப்பக் கண்டுபிடிச்சாங்க?”

பக்கத்து மேசையில் ஆதி தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“போன ஜூலை மாசம்” என்றேன்.

அவர் மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். “என் வீட்டுக்காரிக்குப் புதன்கிழமை காலைலதான் வந்துச்சு. உடனே சேர்க்கணும்னு போட்டிருந்துச்சு. அவ செவ்வாக்கிழமையே போயிட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு.” காதிலிருந்த பென்சிலைச் சரியாகச் செருகிக்கொண்டார். “அப்ப இது இல்லை. இருந்திருந்தா அனுப்பியிருப்பீங்க.”

“ஆமாங்க” என்றேன்.

பலகையிலிருந்த படத்தையும் பக்கத்து மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆதியிடம் போய் அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “நீங்கதானா ஐயா அது? இனிமே யாருக்கும் எங்க மாதிரி ஆகாது. நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து டாக்டர் அறைப் பக்கம் போனார்.